சாரங்கபாணி இராமனும் அவர் காலத்துக் கால்பந்து வீரரும்

அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் நான்கு பெரியோருக்குச் சிலைகள் உண்டு. புத்தர் பெருமான், அண்ணல் அம்பேத்கர், அன்னை தெரேசா ஆகிய மூவரையும் அங்கே காண்பதில் வியப்பில்லை. நான்காமவர் பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் பெலே. கோயில் கட்டுவோரும் தலைவர்க்குச் சிலை எடுப்போரும் எல்லா ஊரிலும் உளர். பந்து உதைத்தவனுக்குச் சிலை எடுத்த பேட்டை நம் அல்சூர்ப் பக்கத்துப் பேட்டையே. போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நட்டு வழிபட்டது நம் முன்னோர் மரபு. பெங்களூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்றும் பழைய வீரக்கற்கள் கிடைக்கின்றன. அந்த மரபு இன்னும் அற்றுப்போகவில்லை என்பதைக் கௌதமபுரத்துச் சிலை காட்டுகிறது.

அச்சிலையைக் குறித்து எமக்குப் பெருமையே அன்றிக் குறையொன்றும் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு விழாவன்று, சங்கத்து வாயிலில் பந்தும் கையுமாக நின்ற பிள்ளைகள் சிலரை அழைத்து, 'சாரங்கபாணி இராமனை அறிவீர்களோ?' என்று வினவினோம். 'எந்த ராமன், சார்? எந்த டீம்?' என்று திருப்பிக் கேட்டனர். பிள்ளைகளை நோவதற்கு இல்லை. அவர்தம் தந்தையரைக் கேட்டோம், அவர்களும் அறிந்திலர். உண்மையைச் சொல்லவேண்டுமாயின், இம்மலருக்காகப் பழஞ்செய்திகளைத் தேடத் தொடங்கும்வரை நாமே அப்பெயரை அரைகுறையாகத்தான் அறிந்திருந்தோம். ஆகவே இவ்வாண்டு மலரில் அவரையும் அவரோடு ஒத்த காலத்தில் ஆடியவரையும் பற்றி எழுத முற்பட்டோம்.

1948ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள். இலண்டன் மாநகரின் கிழக்கே இல்ஃபோர்டு என்னும் இடத்தில் உள்ள கிரிக்கில்ஃபீல்டு திடலில் ஒலிம்பிக் கால்பந்துப் போட்டி ஒன்று நடைபெற்றது. ஒருபுறம் பிரான்சு. மறுபுறம், விடுதலை பெற்று ஓராண்டும் நிறையாத இந்தியா. நாகநாட்டினரான மருத்துவர் தாலிமெரென் ஆவ் நம் அணிக்குத் தலைவர். விடுதலை இந்தியாவின் கால்பந்து அணி பிறநாட்டு அணியோடு மோதிய முதற் போட்டி அதுவே. நம்மவருள் பெரும்பாலோர் காலணி அணியாமல், கணுக்காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு திடலில் இறங்கினர். அதைக் காணவே ஒரு கூட்டம் வந்ததாம்.

30ஆம் நிமிடத்தில் பிரான்சு முதல் கோலை அடித்தது. 70ஆம் நிமிடத்தில் அதனைச் சமன்செய்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன். விடுதலை இந்தியாவின் முதல் கோல் அது. ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியா பெற்ற முதல் கோலும் அதுவே. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கிடைத்தன. ஒன்றைச் சைலன் மன்னாவும் மற்றொன்றை மகாவீர் பிரசாதும் வீணாக்கினர். 89ஆம் நிமிடத்தில் பிரான்சு இரண்டாம் கோலை அடித்து வென்றது. அத்துடன் இந்தியா வெளியேறியது.

இதனை எண்ணிப் பார்க்குந்தோறும் எமக்கு ஒரு வியப்பு உண்டாகின்றது. அன்றைய அணியில் பெயர் நிலைத்தவர் யாவர்? தலைவர் ஆவ் நிலைத்தார்; அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை 2018இல் வெளிவந்தது. பெனால்டியைத் தவறவிட்ட மன்னாவோ இந்தியக் கால்பந்தின் பெரும் புகழுக்குரியவருள் ஒருவரானார். 1951இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்கு அவரே தலைவர். 1971இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இங்கிலாந்து மன்னர் ஆறாம் சார்ச்சு அவர் காலைத் தொட்டுப் பார்த்து, இது இரும்பாலானதோ என்று வினவினார் என்றொரு கதையும் கல்கத்தாவில் வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, கதை பிறக்க வேண்டுமானால் அதனைச் சொல்வதற்கு ஓர் ஊர் வேண்டும். கோல் அடித்த காலைத் தொட்டுப் பார்த்ததாகக் கதை சொல்வார் எவரும் இலர். மன்னாவின் புகழ் தகுதியற்றது என்பது எம் கருத்தன்று. இரண்டு பத்தாண்டு உழைப்பால் ஈட்டிய புகழ் அது. இராமனுக்கு அத்தகைய நெடுங்காலம் வாய்க்கவில்லை என்பதே நாம் சொல்ல வந்தது.

இராமன் முளைத்த நிலம் எத்தகையது என்பதை இளையோர்க்குச் சிறிது விளக்கவேண்டும். 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் பாளையம் இறக்கினர். அதற்கு முன்பே சோமேசுவரர் கோயிலும் ஏரியுமாக இருந்த அல்சூர், அப்பாளையத்தின் ஓரத்தில் அமைந்தது. பட்டாளத்தோடு பட்டாளத்துக்கு வேண்டிய அனைவரும் வந்தனர். கல் தச்சர், கொத்தனார், வண்டியோட்டிகள், துணி வெளுப்போர், சமையற்காரர், தரகர், ஒப்பந்தக்காரர் என வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. இம்மலரைக் கையில் வைத்திருப்போருள் பாதிப்பேருடைய பாட்டனார் அல்லது பூட்டனார் அவ்வாறு வந்தவரே. சென்னைச் சப்பர் படையினரின் பாசறை ஏரியின் பக்கத்திலேயே உள்ளது. வெள்ளைச் சிப்பாய் மாலையில் பந்தாடுவான். வேலியோரம் நின்று நம் பிள்ளைகள் பார்ப்பார்கள். பந்து வெளியே வந்தால் எடுத்து உதைப்பார்கள். இவ்வாறுதான் பாளையத்துப் பேட்டைகள் எல்லாவற்றிலும் இவ்வாட்டம் பரவியது. மட்டைப்பந்துக்கு மட்டை வேண்டும், காலுறை வேண்டும், வெள்ளைக் காற்சட்டை வேண்டும். கால்பந்துக்கோ ஒரு பந்து போதும்; அதுவும் இல்லையேல் கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டிய உருண்டை போதும். ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளித் திடலில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் முழங்கால் தோல் உரிந்திருக்கும் என்பதை அந்த மண்தான் சொல்லவேண்டும்.

அந்நாளில் பெங்களூர்க் கால்பந்து எளிய நிலையில் இருந்ததாக எண்ணவேண்டா. பம்பாயில் 1891இல் தொடங்கிய ரோவர்சு கோப்பையை நெடுங்காலம் ஆங்கிலப் பட்டாளங்களே வென்று வந்தன. அக்கோப்பையை முதன்முதல் வென்ற இந்தியக் கழகம் கல்கத்தாவைச் சேர்ந்தது அன்று. பெங்களூர் முஸ்லிம் கழகமே. 1937இல் வென்று, 1938இலும் வென்று, 1948இல் மீண்டும் வென்றனர். 1946–47இல் சந்தோஷ் கோப்பைப் போட்டி பெங்களூரில் நடந்தபோது மைசூர் அணி வங்காளத்தை வீழ்த்திக் கோப்பையைப் பெற்றது. 1952–53இலும் வங்காளமே எதிரி, வெற்றி மைசூருக்கே. 1967–68, 1968–69 ஆகிய ஈராண்டும் அவ்வாறே. இலண்டனுக்குச் சென்ற 1948 அணியில் இராமனோடு அஹமத்கான், தன்ராஜ், வஜ்ரவேலு, பஷீர் ஆகியோரும் இடம்பெற்றதில் ஆகவே வியப்பில்லை.

இவர்களுள் இராமனோடு ஒப்பிட்டு நோக்கத் தக்கவர் அஹமத்கான். ஒரே ஊர், ஒரே அணி, ஒரே ஒலிம்பிக். ஆயினும் இருவர் வாழ்வும் இருவேறு வழிகளில் சென்றன.

அஹமத்கான் 1926ஆம் ஆண்டு திசம்பரில் பெங்களூரில் பிறந்தவர். கால்பந்தாட்டத்தையே குடும்பக் கலையாகக் கொண்ட இல்லம் அவருடையது, உடன்பிறந்தாரும் ஆடினர். இலண்டன் சென்றபோது அவருக்கு வயது 21. உள்-இடது என்னும் இடத்தில் நின்று ஆடுவார். எதிரிகள் நால்வர் சூழ்ந்தாலும் பந்தைக் காலைவிட்டு அகலவிடாமல் வளைந்து நெளிந்து கொண்டுபோகும் திறத்தைக் கண்டு 'பாம்பாட்டி' என்று பட்டம் சூட்டினர். 1949இல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அவரோடு வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே ஆகிய நால்வரும் சேர்ந்தனர். ஐவரும் தென்னாட்டவர். முன்னணியில் நின்று ஆடிய இவ்வைவரையும் வங்க மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்றே அழைத்தனர். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம், 1949, 1950, 1952இல் கல்கத்தா லீக், 1949இல் ரோவர்சு கோப்பை, 1951, 1952இல் டூரண்டு கோப்பை. இவ்வளவும் அப்பாண்டவர் காலத்து வெற்றிகள்.

ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் வெற்றி அந்நாளில் வெறும் விளையாட்டு வெற்றியாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1947இல் வங்கம் பிளவுண்டது. வீட்டையும் நிலத்தையும் இழந்து கிழக்கிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த பல இலட்சம் மக்கள் இரயில் நிலையங்களிலும் முகாம்களிலும் கிடந்தனர். தங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரே பொருளாக அவர்களுக்கு அக்கழகம் விளங்கியது. அதன் சிவப்பும் பொன்னிறமுமான சட்டையை அணிந்து கோல் அடித்தவன் எவனாயினும் அவர்களுக்கு உறவினனே. பெங்களூர்க்காரனும் ஆந்திரனும் மலையாளியும் வங்கமொழி அறியாதவராய் அங்கே சென்று, வங்க அகதியின் வீட்டுப் பிள்ளைகளாயினர். ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கே உரிய பரிவு அது. புலம்பெயர்ந்து வந்து இங்கே ஒரு சங்கத்தை வளர்த்துக்கொண்ட நமக்கு அப்பரிவு விளங்காமற் போகாது.

1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை ஒரு கோல் வேறுபாட்டில் வென்று தங்கம் பெற்ற அணியில் அஹமத்கான் இருந்தார், இராமன் இல்லை. 1952இல் எல்சிங்கியில் யூகோசுலாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்று நொறுக்கியபோது அந்த ஒன்றை அடித்தவரும் அஹமத்கானே. அங்கும் இராமன் இல்லை. இவ்விரண்டு அணிகளிலும் துலுக்காணம் சண்முகம் என்பார் ஒருவர் இருந்தார். பெயரைக் கேட்டவுடன் துலுக்காணத்தம்மன் கோயில் கண்முன் தோன்றவில்லையா? வட ஆர்க்காட்டுக்காரரும் செங்கற்பட்டுக்காரரும் தலையசைப்பர் என்பது எம் துணிபு. அஹமத்கான் பத்தாண்டு கல்கத்தாவில் ஆடி, பின் ஊர் திரும்பி, 2017ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் தம் 90ஆம் வயதில் மறைந்தார். அவர் மறைவைக் கல்கத்தா துக்கத்தோடு நினைவுகூர்ந்தது.

காலில் உள்ள திறம் ஒன்றே புகழைத் தருவதாயின் இவ்விருவர்க்கும் இத்தனை வேறுபாடு தோன்றியிராது. இராமன் கல்கத்தாவின் பெரும் புகழ் மரபிலே இடம்பெறவில்லை. அவர் பெயர் ஒரு கோலோடு கட்டப்பட்டுவிட்டது. அது தோல்வியில் முடிந்த ஆட்டத்தின் கோல். வென்றிருந்தால் பள்ளிப் பாடநூலில் ஏறியிருக்கும். இன்னும் இரண்டு காரணங்கள் எமக்குத் தோன்றுகின்றன.

ஒன்று காலத்தின் கொடுமை. உலகப் போரினால் 1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக் விழாக்களும் நடைபெறவில்லை. அவ்வாண்டுகளில் இளமையின் உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர் அனைவரும் பிறநாட்டுத் திடலை மிதிக்கும் வாய்ப்பை இழந்தனர். 1948 வந்தபோது சிலர்க்கு அதுவே முதலும் முடிவுமாயிற்று. எல்சிங்கிக் குளிரில் வெறுங்காலோடு ஆடிப் பட்டபின் காலணி கட்டாயமாயிற்று. வெறுங்காலே தம் கலையின் உயிராகக் கொண்டிருந்த தலைமுறை அத்துடன் ஒதுங்கிக்கொண்டது. அர்ச்சுனா விருது தோன்றியதோ 1961இல். முன்னர் ஆடியோர்க்கு மாலையிட ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை.

மற்றொன்று நம்மைப் பற்றியது; ஆதலின் சொல்வதற்குச் சற்றே கூச்சம். கல்கத்தாவில் ஒவ்வொரு ஆட்டத்தையும் மறுநாள் வங்க நாளேடு பத்தி பத்தியாக எழுதும். தந்தை மகனுக்குச் சொல்வான். மகன் பேரனுக்குச் சொல்வான். பெங்களூர்ப் பாளையத்திலோ தமிழும் உருதுவும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் வழங்கின. எந்த மொழியில் இராமனைப் பாடுவது? சென்னையிலிருந்து வந்த தமிழ் ஏடுகளுக்கு அவர் மைசூர்க்காரர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் இங்குள்ளோர் பலர்க்கு அவர் தமிழர். இரண்டு ஊரும் மற்றவன் எழுதுவான் என்று விட்டுவிட்டன. நாமேனும் எழுதினோமா? திருக்குறள் மாநாட்டுக்கும் பொங்கல் விழாவுக்கும் மலர் வெளியிட்டோம், பட்டிமன்றம் நடத்தினோம். பந்தாடியவனைப் பற்றி எழுதுவது தமிழ்ப்பணி ஆகுமோ என்ற ஐயம் நம்மவரிடை இருந்தது போலும்.

அக்காலத்து ஆட்டக்காரர் எவ்வாறு பிழைத்தனர் என்று இளையோர் கேட்கலாம். இன்றுபோல் ஒப்பந்தமும் கோடியும் இல்லை. ஏட்டளவில் அவர்கள் பொழுதுபோக்குக்காக ஆடுவோரே. கல்கத்தாக் கழகங்கள் தங்குமிடமும் உணவும் கைச்செலவும் தந்தன. சிலர்க்கு அலுவலகங்களில் வேலையும் தேடித் தந்தன. கல்கத்தாவுக்குப் போக மனமில்லாதவர்க்கு இங்கேயே ஒரு வழி பிறந்தது. 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. அவை தமக்கென அணிகளை அமைத்து, ஆடத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்தன. மாதச் சம்பளம், ஓய்வூதியம், குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளி. பெண் கொடுப்போர் 'மாப்பிள்ளை பந்தாடுகிறார்' என்றால் முகம் சுளிப்பர்; 'ஐ.டி.ஐ.யில் இருக்கிறார்' என்றால் காப்பி வரும். ஆகவே கல்கத்தாவுக்குப் போனவன் புகழ் பெற்றான்; இங்கேயே இருந்தவன் வீடு கட்டினான். எது நல்லது என்று தீர்ப்பு வழங்க நாம் முன்வரவில்லை. நம் வீட்டுப் பெரியோர் பலர் இரண்டாம் வழியைத் தேர்ந்தமையால்தான் நாம் இன்று இந்தக் குடியிருப்பில் அமர்ந்து இம்மலரைப் படிக்கிறோம்.

புகழ் வழியில் போனவர்க்கும் எல்லாம் இனிதாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. வந்தவாசியில் பிறந்து, இளமையில் பெங்களூர் வந்து, இங்கே பந்து கற்றுக் கல்கத்தா சென்றவர் புங்கம் கண்ணன். 1960களின் பிற்பகுதியில் மோகன் பகான் கழகத்துக்கு ஆடினார். பின்னர் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கும் ஆடினார். இந்திய அணியிலும் இடம்பெற்றார். செருமானிய நாட்டுப் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் அவர் ஆட்டத்தைக் கண்டு 'ஆசியாவின் பெலே' என்று பாராட்டினார். கல்கத்தாவில் அக்காலத்தில் அவர் தெருவில் நடந்தால் கூட்டம் பின்தொடரும் என்பர். அவர் அங்கேயே தங்கிவிட்டார். முதுமையில் வசதியின்றி, நோயுற்று, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார். வந்தவாசியிலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து கல்கத்தா. நம் குடும்பங்கள் ஒருமுறை ஊர் பெயர்ந்தன. அவர் இருமுறை பெயர்ந்தார். உண்மைப் பெலேக்கு அல்சூரை அடுத்துச் சிலை நிற்கிறது. ஆசியாவின் பெலேயை அவ்வீதியில் எத்தனைபேர் நினைவில் வைத்திருப்பர்?

அவர் காலத்தவரான அருமைநாயகமும் பெங்களூர்க்காரரே. 1962இல் சகார்த்தாவில் தென்கொரியாவை வென்று ஆசியத் தங்கம் பெற்ற அணியில் இடம்பெற்றவர். மோகன் பகான் கழகத்தில் ஆடியவர். அந்த அணியின் தலைவர் சுனி கோஸ்வாமியையும், இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த பி.கே. பானர்சியையும் நாடு முழுதும் அறியும். அருமைநாயகத்தை அறிந்தோர் அத்தனை பேர் இலர். 1956 மெல்போர்ன், 1960 உரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் இருந்த கெம்பையாவும் நம் ஊர்க்காரர். உரோமில் அதே பிரான்சு நாட்டோடு ஒன்றுக்கு ஒன்று என்று இந்தியா சமன்செய்தது. பானர்சி அடித்த அந்தக் கோலைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துள்ளன. 12 ஆண்டுக்கு முன் அதே பிரான்சு நாட்டின்மீது அடித்த கோலுக்குக் கிடைத்ததோ ஓரிரு வரிகள்.

இவ்விடத்தில் எமக்கு மிகவும் உவப்பான செய்தி ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1977ஆம் ஆண்டு செப்டம்பரில் பெலே தம் நியூயார்க்குக் காஸ்மாஸ் அணியோடு கல்கத்தா வந்து ஈடன் திடலில் ஆடினார். எதிர்த்து ஆடிய மோகன் பகான் இரண்டுக்கு இரண்டு என்று சமன்செய்தது. அந்நாளைக் கல்கத்தா இன்றும் திருநாள் போலவே பேசுகிறது. அதே 1977இல்தான் நாட்டின் முதல் ஃபெடரேஷன் கோப்பைப் போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் அதே மோகன் பகான் கழகத்தை ஒன்றுக்குச் சுழி என்று வீழ்த்திக் கோப்பையைப் பெற்றவர் எவர்? பெங்களூர் ஐ.டி.ஐ. அணியினர்! தொலைபேசித் தொழிற்சாலையில் அட்டை அடித்து வேலைக்குச் சென்று, மாலையில் பயிற்சி செய்தவர்கள். பெலேயின் அணியோடு சமன்செய்த கழகத்தை அதே ஆண்டில் நம்மவர் வென்றனர் என்னும் செய்தியைக் கௌதமபுரத்துச் சிலையின் முன்நின்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டுமென்று எமக்கு நெடுநாள் ஆசை.

1968–69க்குப் பின் சந்தோஷ் கோப்பைக்காக இம்மாநிலம் 54 ஆண்டுகள் காத்திருந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சவூதி அரேபியாவின் இரியாது நகரில் மேகாலயாவை மூன்றுக்கு இரண்டு என்று வென்று கருநாடக அணி அதனை மீட்டது. இடையே 2013இல் பெங்களூர் எஃப்.சி. என்னும் கழகம் தோன்றியதால் கண்டீரவா அரங்கில் இளைஞர் கூட்டம் நிறைந்தது. சுனில் சேத்ரியின் எண் பொறித்த நீலச்சட்டையை நம் வீட்டுப் பிள்ளைகளும் அணிந்து சென்றனர். தொலைக்காட்சி ஆட்டத்தைக் காட்டுகிறது, மறுபடியும் காட்டுகிறது, கோல் விழுந்த கணத்தை நான்கு கோணத்திலும் காட்டுகிறது. சேத்ரியின் கோல்கள் ஒன்றும் மறைந்துபோகா. இராமன் அடித்த கோலைப் பிள்ளைகளுக்குக் காட்ட எம்மிடம் ஒரு படம்கூட இல்லை. ஆண்டு, திங்கள், நாள், நிமிடம், இவை மட்டுமே கிடைத்தன. பந்து வலக்காலிலிருந்து போயிற்றா இடக்காலிலிருந்து போயிற்றா என்று ஒரு சிறுவன் எம்மைக் கேட்டான். விடை கூற இயலாது விழித்தோம்.

ஆகவே குடியிருப்பில் உள்ள அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். அல்சூர், மர்பி டவுன், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் பகுதிகளில் பழங்குடும்பங்கள் பலவற்றில் பந்தாட்ட அணிகளின் பழைய படங்கள் பெட்டியடியில் கிடப்பதை நாம் அறிவோம். கால்மேல் கால் போட்டு அமர்ந்த வரிசை, கைகட்டி நின்ற வரிசை, நடுவில் கோப்பை, ஓரத்தில் குடைபிடித்த செயலாளர். அத்தகைய படம் எவரிடமேனும் இருப்பின், அதில் உள்ளோர் பெயரை வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிச் சங்கத்துக்குக் கொணர்க. பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறும். படி எடுத்துக்கொண்டு மூலப்படத்தை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தருவோம்.